சக்குபந்தி விவரம்

பள்ளிப்பட்டு முன்சீப் கோர்ட்டு வாசல்,
புங்கமரத்தடியில் என் மெஷின்.
பக்கத்துக்கு ஒண்ணே கால் ரூபாய், கார்பன் நகல் தனி.
வக்கீல் சீதாபதிக்கு மட்டும் கணக்கு நோட்டு.
முப்பத்தேழு ரூபாய் பாக்கியோடு
அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

நின்றுகொண்டே சொல்வார், நான் அடிப்பேன்.
'மேற்படியாள்' என்று விழுந்தால் நிறுத்துவார்:
"எந்தப் படி, சுகுணா? ஆளுக்குப் பேர் இருக்கில்லே,
பேரைப் போடு."
மனு நீளும். எனக்கு அரைப் பக்கம் லாபம்.

வீட்டில் தெலுங்கு, கோர்ட்டில் தமிழ்,
தெருநாய்க்கு இங்கிலீஷ்.
கோபம் வந்தால் மூன்றும் இல்லை,
கோட்டுப் பைக்குள் கைவிட்டு
வேர்க்கடலை தேடிக்கொண்டிருப்பார்.

நாரசம்மா வழக்கு அவர் கையில் நரைத்தது.
ரோடு போட எடுத்துக்கொண்டார்கள்
அறுபத்திரண்டு சென்ட்.
பணம் கொடுக்க மறந்துவிட்டார்கள்.
கூண்டில் ஏறி ஒரே வரி சொன்னாள்:
"அதி நா பொலம்."
பெஞ்ச் கிளார்க்கின் பேனா அந்தரத்தில் நின்றது.
ஜட்ஜ் தூத்துக்குடிக்காரர், நிமிர்ந்து பார்த்தார்.
"தெலுங்குல பொலம்னா வயல், ஐயா.
பழைய தமிழ்ல பொலம்னா பொன்.
எதை வேணும்னாலும் எழுதிக்கலாம்,
ரெண்டும் வாதிக்குச் சம்மதம்."
ஜட்ஜ் சிரித்தார்.
கிளார்க் 'நிலம்' என்று எழுதினார்.

கட்சியில் இரண்டு கோஷ்டி.
ஒருத்தன் பேரை இன்னொருத்தன் அடிக்க,
அடிபடாமல் மிஞ்சியது இவர் பேர்.
நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் எம்.எல்.ஏ.
மாலையில் ஒட்டிய எறும்பைத் தட்டிக்கொண்டே
புங்கமரத்துக்கு வந்தார்:
"நாளைக்கு வாய்தா இருக்கு, மெமோ ஒண்ணு அடி."

சட்டசபைக் கேள்விகளையும் நான்தான் அடித்தேன்.
குசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலம்
ஐப்பசி தோறும் முழுகுவதை
மாண்புமிகு அமைச்சர் அறிவாரா?
பதினேழு தடவை அடித்தேன்.
பதினேழு தடவையும் பரிசீலனையில் இருந்தது.

ஒருநாள் மாவட்டச் செயலாளர் கார் வந்தது.
கண்ணாடியை முழுசாக இறக்காமல் கேட்டார்:
"நம்ம சர்க்காரு மேலயே நீங்க கேஸ் நடத்துறீங்களாமே?"
"தெரியும்ணே. நோட்டீஸ் அடிச்சதே இந்தப் பொண்ணுதான்"
என்று என்னைக் காட்டிவிட்டார்.
எனக்கு விரல் வேர்த்தது.

அடுத்த வாரம் குறுக்கு விசாரணை.
ஆறு மாசம் முன்னால் அவருக்கே மாலை போட்ட
ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கூண்டில்.
"மாண்புமிகு உறுப்பினர் அவர்களே" என்று தொடங்கினார்.
"இங்க மாண்பெல்லாம் மேல உக்காந்திருக்கு.
பணம் எப்போ கொடுத்தீங்க, தேதியைச் சொல்லுங்க."
தேதி இல்லை.

மறு தேர்தலில் சீட்டும் இல்லை.
திங்கட்கிழமை டி.வி.எஸ். ஐம்பதில் வந்தார்.
அதே கோட்டு, காலர் மட்டும் திருப்பித் தைத்தது.
பாலம் வந்தது, அவருக்கப்புறம்.
கல்வெட்டில் வேறொருவர் பேர்.
அதன் மேல் போகும்போதெல்லாம்
பழைய ஞாபகத்தில்
இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார்,
தண்ணீர் இருக்கிற மாதிரி.

செத்த அன்று இரண்டு மொழியிலும் போஸ்டர் ஒட்டினார்கள்.
தெலுங்கில் வயசு தப்பு.
எட்டாம் மாசம் நாரசம்மாவுக்குத் தீர்ப்பு,
வட்டியும் முதலுமாக.
நிறைவேற்று மனுவுக்கு அவள் என்னிடம்தான் வந்தாள்.
புது வக்கீல் பையன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
சக்குபந்தி விவரம்:
வடக்கே ஆந்திரா எல்லைக்கல்,
கிழக்கே ஓடைப் புறம்போக்கு,
தெற்கே கஜபதி கரும்புத் தோட்டம்,
மேற்கே பாலத்துக்குப் போகும் ரோடு,
இதன் மத்தியில் அறுபத்திரண்டு சென்ட்
பொலம்.
பையன் அதைக் கவனிக்கவில்லை.

ஆபீஸ் கவனித்தது. மனு திரும்பி வந்தது,
சிவப்புப் பென்சில் வட்டத்தோடு:
'எழுத்துப் பிழை.
திருத்தித் தாக்கல் செய்ய ஏழு நாள்.'

இன்று ஆறாம் நாள்.
மெஷினில் வெள்ளைத்தாள் ஏற்றி
உட்கார்ந்திருக்கிறேன்.